வினா யாருடையது?

விஞ்ஞானம் பாரபட்சமற்றது என்பர். அரசனையும் அடிமையையும் அது ஒரே தராசில் நிறுக்கும் என்பர். தராசு நேர்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது, தட்டிலே எதனை இடுவதென்று தீர்மானித்தவர் யார் என்ற வினாவை எழுப்பாதவரையில் அந்த நேர்மைக்குப் பொருளில்லை. கற்றற் குறைபாடுடைய மக்களைப் பற்றிக் கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக உலகில் எழுதப்பட்டுள்ள ஆராய்ச்சி நூல்களை அடுக்கினால் ஒரு நூலகம் நிறையும். அந்த நூலகத்திலே அவர்கள் அளக்கப்பட்டிருக்கிறார்கள், வகைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள், படம் பிடிக்கப்பட்டிருக்கிறார்கள், அட்டவணைகளாக்கப்பட்டிருக்கிறார்கள். எழுதியவர் வரிசையில் மாத்திரம் அவர்களை நெடுங்காலமாகக் காணவில்லை.

கற்றற் குறைபாடு என்று நாம் இங்கே குறிப்பது எழுத்துக்கள் தடுமாறும் வாசிப்புக் குறையை அன்று. புதிய செய்திகளை விளங்கிக்கொள்வதிலும் அன்றாடக் காரியங்களைத் தனித்து நடத்துவதிலும் சிறு வயது முதலே இடர்ப்படுகின்றவர்களையே இங்கிலாந்தில் இச்சொல் குறிக்கின்றது. எமது வகுப்பறைகளிலே 'மொக்கு' என்ற ஒரே சொல்லால் கடைசி வாங்குக்கு அனுப்பப்படுகின்றவர்களுள் இவர்களும் அடங்குவர். இவர்களும், இக்குறைபாடு இல்லாதவர்களும் தோளோடு தோள் நின்று நடத்தும் ஆராய்ச்சி இன்று உலகின் சில பாகங்களில் வேரூன்றியுள்ளது. அதனைக் கண்டு நகைப்போர் ஒருபுறம். அதனை அலங்காரப் பொருளாக்கிக் கொல்வோர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் மறுமொழி கூறுவதே எமது நோக்கமாகும்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1905 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் வகுத்த சோதனை, பாடசாலையில் மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதற்காக எழுந்தது. அறிவு என்பது மாறாத ஓர் அளவு அன்று என்று பினே எச்சரித்தார். ஆனால் அச்சோதனை அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்ததும், உதவிக்கான கருவி ஒதுக்குவதற்கான கருவியாயிற்று. நியூ ஜேர்சியின் வைன்லண்ட் பயிற்சிப் பாடசாலையில் ஆராய்ச்சி நடத்திய ஹென்றி கொடாட், 1912 இல் 'கலிகாக் குடும்பம்' என்னும் நூலை வெளியிட்டார். அந்த விடுதியிலிருந்த ஒரு பெண்ணுக்குப் புனைபெயர் சூட்டி, அவளது வமிசத்தில் அறிவுக்குறை பரம்பரையாகத் தொடர்ந்ததென்று அவர் சாதித்தார். இறந்து பல்லாண்டுகளான மூதாதையரின் அறிவைக்கூட அவரது ஊழியர்கள் செவிவழிச் செய்தி கொண்டு அளந்தனர். அவ்வமிசக் கதையின் அத்திவாரமே பிழையென்று பிற்கால ஆய்வு காட்டிவிட்டது. ஆயினும் அந்தப் பெண் தன் நீண்ட ஆயுளின் பெரும்பகுதியை விடுதிகளிலேயே கழித்து, 1978 இல் மாண்டாள். அவளைப் பற்றி உலகம் வாசித்தது. அவளிடம் எவரும் வினவவில்லை.

இந்தப் 'பாரபட்சமற்ற' விஞ்ஞானம் எந்த வர்க்கத்தின் தலையில் இறங்கிற்று என்பதையும் கவனித்தல் வேண்டும். இங்கிலாந்தின் 1913 ஆம் ஆண்டு மனக்குறைச் சட்டம் எவரெவரை விடுதியில் அடைக்கலாமென்று வகுத்தபோது, ஏழைகளுக்கான நிவாரணம் பெறும் நிலையில் மணமாகாது பிள்ளை பெற்ற பெண்ணையும், குறைபாடுடையவளென முத்திரை குத்தப்பட்டிருந்தால், அப்பட்டியலிற் சேர்த்தது. செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த விதி பொருந்தாது. நிவாரணம் வேண்டாதவளை இச்சட்டம் எவ்வாறு தீண்டும்? அறிவின் அளவுகோல் என்று கூறப்பட்டது வறுமையின் அளவுகோலாகவும் தொழிற்பட்டது. அச்சட்டம் 1959 இலேதான் நீக்கப்பட்டது.

விடுதியின் கதவு அடைபட்டதும் ஆராய்ச்சியாளனுக்கு எல்லா வசதியும் கிடைத்தன. ஆட்கள் ஓடிப்போக மாட்டார்கள், உணவு அளவோடு வழங்கப்படும், கேள்வி கேட்பாரில்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பேர்ணல்ட் பாடசாலையில் 1946 முதல் 1953 வரை, அங்கு வாழ்ந்த சிறுவர்களுக்குக் கதிரியக்கப் பொருள் கலந்த கஞ்சியும் பாலும் உண்ணக் கொடுக்கப்பட்டன. உணவிலுள்ள இரும்பையும் கல்சியத்தையும் உடல் எவ்வாறு ஏற்கின்றது என்று பார்ப்பதே நோக்கம். மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் நடத்திய இவ்வாய்வுக்குக் குவேக்கர் ஓட்ஸ் கம்பனி பண உதவி செய்தது. சிறுவர்களை ஈர்ப்பதற்காக 'விஞ்ஞானக் கழகம்' என்று ஒன்றை அமைத்து, அதில் சேர்வோருக்கு விளையாட்டுப் போட்டிகளுக்குச் செல்லும் வாய்ப்பும் பரிசுகளும் வழங்கினர். பெற்றோருக்கு அனுப்பிய கடிதங்களில் கதிரியக்கம் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. அச்சிறுவர் பலருக்குக் குறைபாடே இருக்கவில்லை. நாதியற்றோர் என்பதே அவர்களது குற்றம். கொடுக்கப்பட்ட அளவு சிறிது, தீங்கு சொற்பம் என்று பின்னர் சமாதானம் கூறினர். 1998 இல் 18 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் நட்டஈட்டோடு வழக்கு முடிந்தது. அளவு சிறிதா பெரிதா என்பதன்று எமது வாதம். விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தவருக்கு விஞ்ஞானம் மறைக்கப்பட்டது என்பதே எமது வாதம்.

சுவீடனில் லுண்ட் நகருக்கருகே விப்பேஹோல்ம் என்னும் வைத்தியசாலை இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்த கற்றற் குறைபாடுடையோருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டொபி இனிப்புக்கள் வேண்டுமென்றே ஊட்டப்பட்டு, பற்கள் எவ்வாறு சொத்தையாகின்றன என்று அவதானிக்கப்பட்டது. சீனி, சொக்கலேற் உற்பத்தியாளரின் பணமும் அதில் இருந்தது. உணவு வேளைகளுக்கிடையே உண்ணும் இனிப்பே பற்களை அரிக்கின்றது என்ற உண்மை அவ்வாறே நிலைநாட்டப்பட்டது. சனிக்கிழமையில் மாத்திரம் இனிப்பு உண்ணும் வழக்கம் சுவீடிஷ் வீடுகளிற் பரவியதற்கு அந்த உண்மையே காரணம். ஒரு நாட்டின் பிள்ளைகள் நல்ல பற்களோடு வளர்ந்தனர். அதற்காகத் தம் பற்களை இழந்தவர்கள் யாரென்று அவர்களுட் பலருக்குத் தெரியாது.

நியூ யோர்க்கின் வில்லோபுறூக் விடுதியின் கதையும் வேறன்று. அங்கே 1956 முதல் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஈரலழற்சிக் கிருமி வேண்டுமென்றே ஏற்றப்பட்டது. எப்படியும் அந்த விடுதியில் அவர்களுக்கு நோய் தொற்றியே தீரும் என்பதே வைத்தியர் கூறிய நியாயம். விடுதி அழுக்கானது, ஆகவே பிள்ளையைச் சோதிக்கலாம்! விடுதியைச் சுத்தம் செய்வது எப்படி என்ற வினா ஆராய்ச்சிக்குரிய வினாவாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஹிட்லரின் ஜெர்மனியிலோ இந்தத் தர்க்கம் தன் எல்லையையே தொட்டது. 1939 முதல் 1941 வரை நடந்த கொலைத் திட்டத்தில் மட்டும் ஊனமுற்றோரும் மனநோயாளருமாகச் சுமார் 70,000 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பலரின் மூளைகள் ஆராய்ச்சி நிலையங்களுக்குச் சென்றன. போர் முடிந்து பல்லாண்டுகளாகியும் அங்கே பேணப்பட்டன. அவற்றுட் சில 1990 இலேதான் மியூனிக் நகர மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

இவையெல்லாம் கொடியவர் சிலரின் தனிப்பட்ட பாவங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பேர்ணல்டிலும் விப்பேஹோல்மிலும் ஆராய்ந்தோர் தம் காலத்தில் மதிக்கப்பட்ட அறிஞர்களே. நல்லவரும் தீங்கிழைக்கக்கூடிய ஓர் உறவுமுறை அங்கே இருந்தது. ஒரு சாரார் வினாவுக்கு உடைமையாளர். மறு சாரார் கச்சாப் பொருள். சுரங்கத்திலிருந்து கனிப்பொருளை அகழ்வதுபோல அவர்களது உடலிலிருந்தும் வாழ்விலிருந்தும் அறிவு அகழ்ந்தெடுக்கப்பட்டது. இலாபம் வேறிடம் சென்றது. குழி மாத்திரம் அவர்களிடம் எஞ்சிற்று.

இவ்வுறவுமுறையை முதன்முதலாகக் கூர்மையாகத் தாக்கியவர்கள் உடல் ஊனமுற்றோர். இங்கிலாந்தில் ஹம்ப்ஷயர் மாகாணத்து லே கோட் விடுதியில் வாழ்ந்தோர் தம் வாழ்வைத் தாமே நிருவகிக்கும் உரிமை கோரிப் போராடினர். தம் பக்க நியாயத்தை நிலைநாட்டுவார்களென்று நம்பித் தாமே ஆராய்ச்சியாளரை அழைத்தனர். 1972 இல் வெளிவந்த அறிக்கையோ, விடுதிவாசிகள் சமுதாயத்தைப் பொறுத்தவரை இறந்தவர்களே என்ற முடிவுக்கு வந்தது. அந்தச் சமுதாய மரணத்திலிருந்து உடல் மரணம் வரையிலான காலத்தைச் சுமுகமாகக் கழிக்க உதவுவதே விடுதியின் பணி என்றது. அவ்விடுதியில் வாழ்ந்த போல் ஹன்ற் இந்த ஆராய்ச்சியாளரை ஒட்டுண்ணிகள் என்று சாடினார். ஒடுக்குவோனுக்கும் ஒடுக்கப்படுவோனுக்கும் நடுவே நிற்கிறோம் என்று சொல்பவன் உண்மையில் எங்கே நிற்கிறான் என்பதை அவரது கட்டுரை காட்டியது. 1992 இல் மைக் ஒலிவர் இதே வாதத்தை மேலும் வளர்த்து, ஆராய்ச்சியின் உற்பத்தி உறவுகளையே மாற்ற வேண்டுமென்றார். உற்பத்தி உறவு என்ற சொல்லின் கனத்தை எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் போல் ஹன்றும் மைக் ஒலிவரும் தாமே எழுதவும் வாதாடவும் வல்லவர்கள். வாசிக்கவே இயலாத மனிதன் ஆராய்ச்சியிற் பங்கெடுப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை பல்கலைக்கழகத்திலே பிறக்கவில்லை. இலண்டனுக்குத் தெற்கே, கேற்றரம் என்னுமிடத்திலிருந்த சென் லோறன்ஸ் வைத்தியசாலையின் ஒரு வாட்டிலே பிறந்தது.

ஜோயி டீக்கன் என்பவர் சிறு வயதிலேயே அங்கு சேர்க்கப்பட்டவர். மூளைவாதத்தினால் கை, கால் அவருக்கு வசமில்லை. அவரது பேச்சும் பிறருக்கு விளங்குவதில்லை. ஏர்ணி றொபேட்ஸ் என்ற நண்பர் ஒருவருக்கு மாத்திரம் அது விளங்கியது. ஜோயி சொல்வார்; ஏர்ணி அதைத் திருப்பிச் சொல்வார்; மைக்கல் சாங்ஸ்ரர் அதைக் கையால் எழுதுவார்; வாசிக்கத் தெரியாத ரொம் பிளக்பேண் அதை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்வார். நால்வரின் உழைப்பால் உருவான சுயசரிதை 1974 இல் நூலாக வெளிவந்தது. நால்வருள் எவராலும் தனித்து எழுத முடியாத நூலை நால்வரும் சேர்ந்து எழுதினர். உழைப்பின் கூட்டுத் தன்மை பற்றி நாம் மேடைகளிலே பேசுவதை அவர்கள் ஒரு வாட்டின் மூலையிலே செய்து காட்டினர். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி முழு இயந்திரத்தையும் தனித்துச் செய்வதில்லை என்பதனால் அவனைத் தொழிலாளியல்லன் என்று எவரும் சொல்வதில்லை. விஞ்ஞானியும் அப்படியே. தொலைநோக்கியின் வில்லையைத் தேய்த்தவர் ஒருவர், வானத்தை நோக்கியவர் இன்னொருவர், கணக்கிட்டவர் மற்றொருவர். அவ்விடத்தில் இயல்பென்று கொள்ளப்படும் தொழிற்பிரிவு, கற்றற் குறைபாடுடையவர் வந்ததும் மாத்திரம் ஏமாற்றாகத் தோன்றுவதேன்?

அதே சென் லோறன்ஸ் வைத்தியசாலைக்கு 1957 இல், பதின்மூன்று வயதளவில் அனுப்பப்பட்டவர் மேபல் கூப்பர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளை அங்கே கழித்து வெளியேறிய அவர், கற்றற் குறைபாடுடையோர் தமக்காகத் தாமே பேசும் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் 1974 இல் 'முதலில் மனிதர்' என்னும் பொருள்படும் பெயரோடு எழுந்த இயக்கத்தின் இலண்டன் கிளை அது. திறந்த பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொறதி அற்கின்சனோடு சேர்ந்து மேபல் தம் வாழ்க்கை வரலாற்றை உருவாக்கினார். அவர் வாசிக்க அறியாதவர். ஆகவே அவர் பேசியது ஒலிப்பதிவாயிற்று, எழுத்தாயிற்று, அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது, எது நிற்பது, எது நீங்குவது என்று அவரே தீர்மானித்தார். 1997 இல் அது நூலொன்றில் வெளிவந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. தாம் ஏன் அடைக்கப்பட்டார், தம் தாய் யார் என்ற வினாக்களோடு டொறதியுடன் ஆவணக் காப்பகத்திற்குச் சென்றார். தம்மைப் பற்றிப் பிறர் எழுதி வைத்திருந்த ஏடுகளை நாற்பதாண்டுகளின் பின் முதன்முறையாகக் கேட்டார். அவற்றிலே தாம் 'மூடர்' வகையொன்றைச் சேர்ந்தவரெனக் குறிக்கப்பட்டிருந்ததை அறிந்து வேதனையுற்றார். ஆனால் அந்த ஏடுகளின் ஊடாகவே தம் தாயின் கதையையும் மீட்டார். விடுதிகளின் வரலாற்றை எழுதியோர் சட்டங்களையும் கட்டடங்களையும் வைத்தியர்களையும் பற்றி எழுதினர். உள்ளேயிருந்த ஒரு சிறுமி 'நான் ஏன் இங்கே?' என்று கேட்டிருப்பாள் என்பதை எண்ணவில்லை. அவ்வினாவை எழுப்ப மேபல் கூப்பரால்தான் முடிந்தது. 2010 இல் திறந்த பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. 2013 இல் அவர் காலமானார்.

இவ்வகை முயற்சிகளையெல்லாம் நோக்கி, ஜான் வோம்ஸ்லியும் கெலி ஜோன்சனும் 2003 இல் எழுதிய நூலில் 'உள்ளடக்கும் ஆராய்ச்சி' எதுவெனச் சில அளவைகளை வகுத்தனர். வினா கற்றற் குறைபாடுடையோருக்கு உரித்தானதாக இருத்தல் வேண்டும். அது அவர்களது நலனுக்கு உதவ வேண்டும். செய்முறையிலும் முடிவிலும் அவர்களுக்கு ஆட்சி வேண்டும். பயன் அவர்களுக்கு விளங்கும் வடிவில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். இவற்றுள் முதலாவதே மற்றெல்லாவற்றுக்கும் ஆணிவேர் என்பது எமது துணிபு. வினாவை விட்டுக்கொடாமல் மற்றெதை விட்டுக்கொடுத்தாலும் அது தருமமேயன்றி உரிமையாகாது.

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். இவர்களைச் சேர்த்தால் விஞ்ஞானத்தின் தரம் தாழும் என்பது முதலாவது. உண்மை நேர்மாறானது. 1981 இல் சிகல்மன் என்பவரும் அவருடன் உழைத்த அமெரிக்க ஆய்வாளரும் ஒன்றைக் காட்டினர். கற்றற் குறைபாடுடையோரிடம் 'ஆம்', 'இல்லை' என்று விடை வேண்டும் வினாக்களைத் தொடுத்தால், ஒன்றுக்கொன்று முரணான இரு வினாக்களுக்கும் பலர் 'ஆம்' என்றே விடையளிப்பர். இது அறியாமை மாத்திரமா? வாழ்நாள் முழுவதும் மேலதிகாரியின் முகம் பார்த்து வாழ்ந்தவனுக்கு 'ஆம்' என்பதே பாதுகாப்பான சொல் என்பதைக் கூலி உழைப்பாளியும் அறிவான். கோப்புக் கட்டோடு வந்து எதிரே அமரும் அறிஞர் மேலதிகாரியாகவே தோன்றுவார். அவர் 'இங்கே சந்தோஷமா?' என்று கேட்டால் கிடைக்கும் 'ஆம்' எத்தனை பெறுமதியுடையது? அதே விடுதிச் சோற்றை உண்டவர், அதே பூட்டைக் கண்டவர் வந்து கேட்கும்போது விடை வேறாகலாம். எந்த வினா விளங்காது, எந்தச் சொல் அச்சமூட்டும் என்பதை அவரே அறிவார். ஆகவே கற்றற் குறைபாடுடைய ஆய்வாளர் விஞ்ஞானத்துக்குச் சுமையல்லர். தராசின் கோணலை நிமிர்த்துபவர் அவர்.

இவர்களுக்குச் சம்மதிக்கும் ஆற்றல் இல்லை, பாதுகாப்புக்காகவே விலக்குகிறோம் என்பது இரண்டாவது. பேர்ணல்டிலும் வில்லோபுறூக்கிலும் எங்கே போயிருந்தது இந்தப் பாதுகாப்பு? பொருளாகப் பயன்படுத்தும்போது தோன்றாத தயக்கம், பங்காளராக வரும்போது தோன்றுகிறது. இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டு மனத்தகைமைச் சட்டம், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் தீர்மானிக்க வல்லவரென்றே கொள்ள வேண்டும் என்றும், தீர்மானிப்பதற்கான உதவிகளையெல்லாம் முதலில் வழங்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. விலக்குவதும் தீங்கற்றதன்று. ஆராயப்படாத மனிதனின் நோயும் அறியப்படாமலே போகும்.

அந்த அறியாமையின் விலையைக் கணக்கிட்டும் விட்டார்கள். வைத்தியசாலைகளிலே தம் பிள்ளைகளின் வலியை எவரும் நம்புவதில்லை என்று குடும்பத்தினர் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். 2007 இல் மென்காப் என்னும் ஸ்தாபனம் அவ்வாறு மாண்ட ஆறு பேரின் கதையை வெளியிட்டது. அதன் விளைவாக எழுந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகப் பிறிஸ்டல் பல்கலைக்கழகம் 247 மரணங்களை ஆராய்ந்து 2013 இல் முடிவைக் கூறியது: கற்றற் குறைபாடுடைய ஆண்கள் பொதுமக்களைவிடச் சராசரி 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முந்தி இறக்கின்றனர், தக்க வைத்தியம் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் அவற்றுள் பல. நூறாண்டுகள் அறிவை அளந்த விஞ்ஞானத்துக்கு ஆயுளை அளக்கத் தோன்ற எத்தனை காலம் சென்றது பாருங்கள்! அவ்வினாவை முதலில் எழுப்பியது எந்த ஆய்வுகூடமும் அன்று. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த குடும்பங்களே. வினா யாருடையது என்பது மனித உயிர் சம்பந்தமான வினா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எழுதுவது உண்மையில் துணைநிற்கும் அறிஞரே, குறைபாடுடையவரின் பெயர் வெறும் முகமூடி என்பது மூன்றாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. அதனை மறைத்தல் முற்போக்காகாது. 1990களின் ஆரம்பத்தில், பேச இயலாதோரின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையைத் தொடச் செய்து, அவர்கள் எழுதுகிறார்களென்று உலகுக்குக் காட்டிய முறையொன்று பரவியது. சோதித்தபோது, எழுதியது கையைப் பிடித்தவரே என்பது வெளிப்பட்டது. ஒருவரின் மௌனத்தைத் திருடுவது அவரது வாயை அடைப்பதைவிடக் கொடிது. இதற்கு மருந்து யார் எதைச் செய்தார் என்பதை நேர்மையாக எழுதுவதே. ஏர்ணி என்ன செய்தார், ரொம் என்ன செய்தார் என்பது ஜோயியின் நூலில் மறைக்கப்படவில்லை. துணைநிற்கும் அறிஞரும் தம் பங்கை மறைக்கலாகாது என்று வோம்ஸ்லியே வற்புறுத்தியுள்ளார். பேச்சோ குறியோ அற்ற, மிகக் கடுமையான குறைபாடுடையோரைப் பொறுத்தமட்டில் கூட்டாராய்ச்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்களோடு நெடுநாள் வாழ்ந்து, அவர்களது முகக்குறியையும் மறுப்பையும் கற்றவரின் சாட்சியம் அங்கே வேண்டும். அது சாட்சியம் என்றே குறிக்கப்படவும் வேண்டும். ஆனால் சிலர் பேச இயலாதவர் என்பது, பேச இயன்றோரை வாயடைக்க நியாயமாகாது.

பகைவரிலும் கொடியவர் போலி நண்பர். நிதி வழங்கும் நிறுவனங்கள் 'பங்கேற்பு' வேண்டுமென்று கேட்கத் தொடங்கியதும் விண்ணப்பங்களிலே அச்சொல் பூத்துக் குலுங்குகிறது. வினா, முறை, நிதி யாவும் முடிவான பின் குறைபாடுடைய ஒருவர் கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறார். முதல்நாள் இரவு தடித்த அறிக்கையொன்று அவருக்கு வந்து சேர்கிறது. மறுநாள் அவர் தலையசைத்ததை 'ஆலோசனை' என்று குறிக்கின்றனர். அறிக்கையின் அட்டையில் அவரது சிரித்த முகம். பெயரோ நன்றியுரையின் கடைசி வரியில். அறிஞருக்குச் சம்பளமும் பதவியுயர்வும். அவருக்குப் பிரயாணச் செலவும் தேநீரும். கூலி கொடுக்க முன்வந்தாலும் இங்கிலாந்தின் உதவிப்பண விதிகள் குறுக்கே நிற்கின்றன. சில நாள் உழைப்புக்குப் பெறும் பணம் வாழ்வுக்கான உதவியையே ஆட்டங்காணச் செய்யும் என்று அஞ்சி ஒதுங்குவோர் உளர். 2010 க்குப் பின் அரசு உள்ளூராட்சிச் செலவை வெட்டியபோது, தமக்காகத் தாமே பேசிய சங்கங்கள் பல நிதியிழந்து தளர்ந்தன. சங்கம் இல்லாத இடத்தில் தனிமனிதர் அலங்காரமாகத்தான் இருக்க முடியும். பின்னால் ஓர் அமைப்பு இருந்தால்தான் அவர் பிரதிநிதி. தொழிலாளர் இயக்கம் கற்ற இப்பாடம் இங்கும் பொருந்தும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். சிறு வாக்கியங்களில், பக்கத்திலே படத்தோடு, ஆராய்ச்சி முடிவுகளை எழுதும் முறையை அறிஞர் சிலர் சிறுபிள்ளைத்தனம் என்கின்றனர். இக்குரல் எமக்குப் புதியதன்று. 1960களின் ஆரம்பத்தில் ஈழத்து எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிலே ஏற்றியபோது 'இழிசனர் வழக்கு' என்று பழித்தோரின் குரலே இது. யாருடைய வாழ்வைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்கு விளங்காத மொழியில் எழுதுவது புலமையன்று, மதில் கட்டுதல். கடினமான கருத்தை எளிமையாகச் சொல்ல வேண்டியபோதுதான் அக்கருத்து எமக்கே விளங்கியிருக்கிறதா என்பது தெரியவரும்.

ஊனமுற்றோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006 இல் நிறைவேறியது. சுதந்திரமான சம்மதமின்றி எவரையும் விஞ்ஞானப் பரிசோதனைக்கு உட்படுத்தலாகாது என்று அதன் 15 ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஊனமுற்றோரைப் பற்றிய தீர்மானங்களை அவர்களது அமைப்புக்களோடு கலந்தே எடுக்க வேண்டுமென்று 4 ஆம் உறுப்புரை விதிக்கின்றது. இலங்கை 2007 இல் அதில் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்றுறுதி செய்தது. கையொப்பத்தை உயிர்ப்பிப்பது அமைச்சின் வேலை மாத்திரமன்று. ஆசிரியரினதும் மாணவரினதும் வேலையுமாகும்.

விசேட கல்வி பயிலும் மாணவன் ஆய்வுக் கட்டுரை எழுதப் புகும்போது, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வினாக்கொத்தை நீட்டுவதற்கு முன், யாரைப் பற்றி எழுதப் போகிறானோ அவர்களிடம் சென்று, 'எதை ஆராய வேண்டும்?' என்று கேட்கட்டும். விடை உடனே வராமற் போகலாம். வாழ்நாளில் அவர்களிடம் எவரும் கேட்டிராத கேள்வி அது. மறுநாளும் செல்லட்டும், படத்தோடு செல்லட்டும், அவர்களது தோழரையும் அழைத்துச் செல்லட்டும். அவர்கள் எழுப்பும் வினா அவனது பாடவிதானத்தில் இல்லாத வினாவாகவும் இருக்கலாம்: ஏன் எங்களுக்குச் சம்பளமில்லை? ஏன் எங்களைப் பஸ்ஸில் தனியே போகவிடுவதில்லை? ஏன் நாங்கள் கல்யாணம் செய்யக்கூடாது? அவ்வினாவை எழுதிக்கொள்ளட்டும். உழைத்தவர் பெயரை நன்றியுரையிலன்றி, நூலின் முகப்பிலே பொறிக்கட்டும். உழைப்புக்குக் கூலி கொடுக்கட்டும். முடிவை அவர்களிடமே முதலில் கொண்டு சென்று, அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லட்டும்.

கடைசி வாங்கிலே அமர்த்தப்பட்டவனை முன் வாங்குக்கு அழைப்பது இரக்கம். அவன் கையில் சோக்கட்டியைக் கொடுத்து, கரும்பலகையிலே அவனது வினாவை எழுதச் சொல்வதே நீதி. அந்த வினாவுக்கு விடை காண அவனோடு சேர்ந்து உழைக்கத் துணிந்தவர்களே இனி ஆராய்ச்சியாளர் என்ற பெயருக்கு உரியவர்.